இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி: மார்ஷல் காற்பந்து அணியின் 1971ஆம் ஆண்டு

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர்களையே நாடிச் செல்வர். கிண்ணம் வென்ற அணிகளும் தோல்வி காணாத பயிற்சியாளர்களும் ஏடுகளை நிரப்பிவிடுவதால் தோற்றவர்க்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. ஆயினும் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் நீண்ட வரலாற்றில், பத்து ஆட்டம் ஆடி எட்டில் தோற்ற ஓர் அணியின் கதை அரை நூற்றாண்டு கடந்தும் அந்நாட்டு மக்களால் பேசப்பட்டு வருகிறது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹண்டிங்டன் நகரிலுள்ள மார்ஷல் பல்கலைக் கழகத்தின் அணியே அது. ஜாக் லெங்யெல் என்னும் புதிய தலைமைப் பயிற்சியாளரின்கீழ் 1971ஆம் ஆண்டில் அவ்வணி ஆடிய பருவத்தைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பள்ளியில் மதிப்பெண் இடுகின்ற ஆசிரியர்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. தொண்ணூறு பெற்ற மாணவன் ஒருவனும் முப்பத்தைந்து பெற்ற மாணவன் ஒருவனும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றனர். எண்ணை மட்டும் பார்ப்பவர்க்கு இருவருள் யார் பெரியவன் என்பதில் ஐயம் இராது. அந்த முப்பத்தைந்தை அவன் எந்த இல்லத்திலிருந்து, எந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு எடுத்தான் என்பதை வகுப்பாசிரியர் ஒருவரே அறிவார். மார்ஷல் அணியின் 'இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி' என்ற கணக்கும் அத்தகைய ஒரு மதிப்பெண்ணே. அது எங்கிருந்து தொடங்கிற்று என்பதை அறிந்தாலன்றி அதன் பொருள் விளங்காது.

ஆட்டமும் ஊரும்

அமெரிக்கர் காற்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த காற்பந்து அன்று. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையிற்கொண்டு ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே அவ்வாட்டம். நூறு கெஜ நீளமுள்ள திடலில், அணிக்குப் பதினொருவர் நின்று ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். இயலாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்குள் பந்தைக் கொண்டுசென்றால் ஆறு புள்ளி. அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் ஒன்று. திடலிலிருந்தே நேராகக் கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னரே வகுக்கப்பட்ட திட்டம் உண்டு. ஆதலின் திட்டம் வகுக்கும் தலைமைப் பயிற்சியாளர் அவ்வாட்டத்தில் பெறும் இடம் மிகப் பெரிது.

மார்ஷல் 1837இல் ஒரு சிறு கல்விக் கூடமாகத் தோன்றி, 1961இல் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் பெயரைத் தாங்கியது. ஹண்டிங்டன் நகரோ 1871இல் இரயில் பாதைக்காக ஒகாயோ ஆற்றங்கரையில் எழுந்த ஊர். இத்தகைய ஊர்களில் பல்கலைக் கழக அணி என்பது மாணவர்க்கு மட்டும் உரியதன்று. கடைக்காரரும் மருத்துவரும் வழக்கறிஞரும் அதைத் தம் வீட்டுப் பிள்ளைகளின் அணி என்றே கருதுவர். பச்சையும் வெள்ளையும் அணிந்த அவ்வணிக்கு 'இடிமுழக்க மந்தை' என்பது பட்டப் பெயர். காட்டெருமைக் கூட்டம் நிலமதிர ஓடிவரும் தோற்றத்தைக் குறிப்பது அப்பெயர்.

பெயரின் முழக்கம் திடலில் கேட்கவில்லை. 1966 முதல் 1969 வரை தொடர்ந்து 27 ஆட்டங்களில் அவ்வணிக்கு ஒரு வெற்றியும் கிட்டவில்லை. மாணவர்களை அணிக்குச் சேர்த்ததில் விதிமீறல்கள் நடந்தன என்று 1969இல் அது தன் போட்டிக் கூட்டமைப்பிலிருந்து விலக்கி வைக்கவும் பட்டது. அந்நிலையில் பொறுப்பேற்ற ரிக் டோலி என்னும் இளம் பயிற்சியாளர் அணியை மெல்லத் தூக்கி நிறுத்தத் தொடங்கினார். 1969இல் மூன்று வெற்றிகள் கிடைத்தன. 1970இலும் மூன்று வந்தன. ஊரார் மீண்டும் திடலை நோக்கித் திரும்பிய காலம் அது.

நவம்பர் 14

1970 நவம்பர் 14ஆம் நாள், சனிக்கிழமை. வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரில் ஈஸ்ட் கரோலினா பல்கலைக் கழக அணியுடன் ஆடிய மார்ஷல், 17க்கு 14 என்ற கணக்கில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அணியினர் வாடகைக்கு அமர்த்திய டி.சி. 9 வகை விமானத்தில் ஊர் திரும்பினர். மழையும் மூடுபனியும் சூழ்ந்திருந்த அவ்விரவில், ஹண்டிங்டன் விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒரு மைல் மேற்கே, குன்றொன்றின் மீதிருந்த மரங்களில் விமானம் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த 75 பேரும் மாண்டனர்.

மாண்டவர்களில் 37 பேர் ஆட்டக்காரர். தலைமைப் பயிற்சியாளர் டோலியும் துணைப் பயிற்சியாளர் பலரும் விளையாட்டுத் துறைத் தலைவரும் அவர்களுடன் மறைந்தனர். அணிக்குப் பொருளும் ஊக்கமும் அளித்துவந்த ஊர்ப் பெருமக்கள் இருபத்தைவரும் விமானப் பணியாளரும் எஞ்சியோர். அவ்வொரு விபத்தால் பெற்றோரில் ஒருவரையேனும் இழந்த பிள்ளைகள் 70 பேர். அவர்களில் தாயும் தந்தையும் இன்றி நின்றவர் 18 பேர். ஆட்டக்காரரில் அறுவரின் உடல்களை இன்னார் என்று அடையாளம் காணவே இயலவில்லை. அவர்களை நகரின் மேட்டிலுள்ள ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பக்கம் பக்கமாக அடக்கம் செய்தனர்.

காரணம் என்ன? நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நீண்ட விசாரணை நடத்தி 1972இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில், இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரத்திற்கும் கீழே விமானம் இறங்கிவிட்டது என்று அது கண்டது. விமானி அறைக் கருவிகள் காட்டியதைத் தவறாகக் கொண்டமையோ உயரங்காட்டும் கருவியின் பிழையோ காரணமாக இருக்கலாம் என்றும், இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் வாரியம் எழுதிற்று. இறங்கும் சரிவை விமானிக்குக் காட்டும் கருவி அந்நிலையத்தில் அன்று இல்லை என்பதையும் நாம் கருத வேண்டும். ஆகவே பழி சுமத்தி ஆறுவதற்கு ஒருவரும் அகப்படவில்லை. துயரத்திற்கு ஒரு குற்றவாளி கிடைத்தால் சினம் கொண்டேனும் மனம் ஆறும். ஹண்டிங்டன் மக்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

நிறுத்துவதா, தொடர்வதா?

அணியே இல்லாமற்போன பின்னர் ஆட்டம் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அப்பருவத்தில் எஞ்சியிருந்த ஓர் ஆட்டமும் கைவிடப்பட்டது. காற்பந்தையே முற்றிலும் விட்டுவிடலாம் என்று எண்ணியோர் பல்கலைக் கழகத்திலும் ஊரிலும் இருந்தனர். அவர்களை நெஞ்சுரமற்றவர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன்னே பேரிகை முழக்கிப் பந்தாடுவது எவ்வாறு தகும் என்று கேட்டவர் கேள்வியில் அன்பு இருந்தது.

மறுபக்கம் நின்றவரோ மாண்டவரின் தோழர்கள். நேட் ரஃபின் என்னும் ஆட்டக்காரர் உடற்காயம் காரணமாக அன்று விமானத்தில் செல்லவில்லை. அவ்வாறு ஏதோ ஒரு காரணத்தால் உயிர் பிழைத்த சிலர், அணி அழியக்கூடாது என்று வேண்டினர். துணைப் பயிற்சியாளர் ரெட் டாசன் புதிய மாணவர் ஒருவரை அணிக்கு அழைத்துவரும் பொருட்டு மோட்டார் வண்டியில் சென்றிருந்தமையால் உயிர் தப்பியவர். அவரும் ஓராண்டு உடனிருந்து உதவ ஒப்பினார். 1971ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் பயிற்சிப் பணியை விட்டே விலகிவிட்டார். தொடர வேண்டும் என்றவர்க்கும் துயரம் குறைவாக இருக்கவில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பல்கலைக் கழகத்தின் பொறுப்புத் தலைவராக இருந்த டொனால்ட் டெட்மன் இருபுறத்தாரையும் எண்ணிப் பார்க்க வேண்டியவரானார். முடிவில், காற்பந்து தொடரும் என்று அறிவிக்கப்பட்டது.

நம் பகுதியில் காற்பந்து விரும்புவோர் மான்செஸ்டர் யுனைட்டட் அணிக்கு 1958 பிப்ரவரி 6ஆம் நாள் மியூனிக் நகரில் நேர்ந்த விபத்தை அறிவர். 23 பேர் மாண்ட அவ்விபத்தில் எண்மர் ஆட்டக்காரர். பதின்மூன்றே நாளில் அவ்வணி மீண்டும் திடலில் இறங்கியது. ஆயினும் அது தொழில்முறைக் கழகம்; ஆள் குறைந்தால் பணம் கொடுத்துப் பிற கழகத்திலிருந்து ஆட்டக்காரரைப் பெறலாம். பல்கலைக் கழகத்திற்கோ அவ்வழி இல்லை. அங்குப் படிக்கும் மாணவரே ஆட வேண்டும். மார்ஷல் எதிர்கொண்ட இடர்ப்பாடு எத்தகையது என்பதை இவ்வேற்றுமை காட்டும்.

புதிய பயிற்சியாளர்

அணியைத் தொடங்குவது என்று முடிவாயிற்று. அதை ஏற்று நடத்துவார் யார்? ஜார்ஜியா டெக் கல்லூரியின் துணைப் பயிற்சியாளராக இருந்த டிக் பெஸ்ட்விக் என்பவர் முதலில் ஒப்புக்கொண்டார். சில நாட்களிலேயே பழைய இடத்திற்குத் திரும்பிவிட்டார். அதன்பின் 1971 மார்ச்சு மாதம் ஜாக் லெங்யெல் அமர்த்தப்பட்டார். ஒகாயோ மாநிலத்து ஊஸ்டர் என்னும் சிறு கல்லூரியில் அவர் பயிற்சியாளராக இருந்தவர். பேரணிகளை நடத்திப் பெயர் பெற்றவர் அல்லர். மார்ஷலில் புதிதாக விளையாட்டுத் துறைத் தலைமை ஏற்றிருந்த ஜோ மக்மல்லன், ஆக்ரன் பல்கலைக் கழகத்தில் லெங்யெல் ஆடிய நாளில் அவருக்குப் பயிற்சியளித்தவர். மாணவனின் இயல்பை ஆசிரியர் அறிந்திருந்தார் எனலாம்.

பொறுப்பேற்ற லெங்யெல் கண்ட காட்சி பயிற்சியாளர் எவரும் காணாதது. முதல் அணியில் ஆடி எஞ்சியவரை விரல்விட்டு எண்ணலாம். மற்றோர் அனைவரும் கடந்த ஆண்டு முதலாண்டு மாணவராக இருந்தவரும் இனிமேல் சேர வேண்டியவருமே. பல்கலைக் கழகத்தில் பிற விளையாட்டுகளில் ஈடுபட்டிருந்த இளைஞரையும் அவர் வரவேற்றார். பந்தை உதைக்கும் பணியை ஏற்றவர் நாம் ஆடுகின்ற காற்பந்தில் பழகிய ஒருவர். அமெரிக்கக் காற்பந்தை அவர் அதற்குமுன் ஆடியதில்லை.

முதலாண்டு மாணவர் என்றோமே, அதனை விளக்குதல் வேண்டும். அக்காலத்தில் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் விதிப்படி முதலாண்டு மாணவர் பல்கலைக் கழகத்தின் முதன்மை அணியில் ஆடக் கூடாது; அவர்கள் தனியே ஓர் அணியாக ஆடுவர். 1970 நவம்பரில் அவ்விளைஞர் விமானத்தில் இல்லாமைக்கு இவ்விதியே காரணம். ஒரு விதி அவர்களை முதன்மை அணியிலிருந்து ஒதுக்கி வைத்தது. அதே விதி அவர்கள் உயிரையும் காத்தது. அவர்கள் 1971இல் இரண்டாம் ஆண்டிற்கு வந்துவிட்டமையால் ஆட உரிமை பெற்றனர். ஆனால் அவர்கள் மட்டும் ஓர் அணிக்குப் போதவில்லை. அவ்வாண்டு புதிதாக வருவோரையும் சேர்க்க வேண்டுமானால் விதி தளர வேண்டும்.

விதி தளர்ந்தது. மார்ஷல் மட்டும் 1971இல் முதலாண்டு மாணவரை முதன்மை அணியில் ஆட விடலாம் என்று கழகம் இசைவளித்தது. இதற்கு முன்னோடியும் ஒன்று இருந்தது. மார்ஷல் விபத்திற்கு ஆறு வாரம் முன்பு, 1970 அக்டோபர் 2ஆம் நாள், விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக் கழக அணியை ஏற்றிச் சென்ற இரு விமானங்களில் ஒன்று கொலராடோ மலைகளில் வீழ்ந்து 31 பேர் மாண்டனர். எஞ்சிய ஆட்டக்காரர் பருவத்தைத் தொடர்வதென முடிவெடுத்தபோது, அவர்களுக்கும் முதலாண்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ள இசைவு கிடைத்தது. விதி என்பது மனிதர்க்காக ஏற்பட்டதே என்பதை ஒரே இலையுதிர் காலத்தில் நிகழ்ந்த இரண்டு பெருந்துயரங்கள் உணர்த்தின. அடுத்த ஆண்டாகிய 1972இல் அவ்விலக்கம் எல்லாக் கல்லூரிகளுக்குமே நீக்கப்பட்டது.

பிறர் ஈந்த கல்வி

ஆள் கிடைத்தால் மட்டும் போதாது. அவர்களுக்கு ஏற்ற ஆட்டமுறை வேண்டும். வலிய உடல்கொண்டு எதிரியை நெட்டித் தள்ளும் முறையையே லெங்யெல் முதலில் கற்பிக்க முயன்றார். பதினெட்டும் பத்தொன்பதும் அகவை கொண்ட மெல்லிய இளைஞர்க்கு அது பொருந்தவில்லை. எனவே 'வீர்' எனப்படும் முறையை நாடினார். ஹூஸ்டன் பல்கலைக் கழகத்தில் பில் யோமன் என்பார் உருவாக்கிய முறை அது. அதில் குவாட்டர்பேக் எனப்படும் ஆட்டநடத்துநர், எதிரணியின் ஒருவர் எப்பக்கம் சாய்கிறார் என்று நொடிப்பொழுதில் கண்டு, பந்தைத் தானே கொண்டு ஓடுவதா தோழனிடம் தருவதா என்று முடிவு செய்வார். உடல் வலிமையின் குறையைக் கண்கூர்மையும் காலின் விரைவும் ஈடுசெய்யும்.

இம்முறையை அவர் கற்றது எங்கே? அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக் கழகமாகிய மேற்கு வர்ஜீனியாவின் பயிற்சியாளர் பாபி பௌடன் என்பவரிடம். லெங்யெலும் அவருடைய துணைவரும் அங்குச் சென்றபோது, பௌடன் தம் ஆட்டத் திட்டங்களையும் படச்சுருள்களையும் அவர்கள் முன் திறந்து வைத்தார். பயிற்சியாளர்கள் தம் திட்டங்களைப் பொன்போல மறைத்து வைக்கும் விளையாட்டு அது. ஒரே மாநிலத்தில் மாணவரையும் புகழையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய இரு நிறுவனங்களில் பெரியது தன் வித்தையைச் சிறியதற்கு வழங்கியது. பிற்காலத்தில் புளோரிடா ஸ்டேட் பல்கலைக் கழகத்தில் பௌடன் பெரும்புகழ் ஈட்டினார். அப்புகழின் கணக்கில் இக்கொடை சேர்வதில்லை எனினும், ஆசிரியத் தொழிலை அறிந்தவர் இதனை மறவார்.

பத்து ஆட்டங்கள்

பழைய பெயருக்கு முன் 'இளம்' என்ற சொல்லைச் சேர்த்து, 'இளம் இடிமுழக்க மந்தை' என்று தம் அணியை அழைத்தார் லெங்யெல். மறைந்தவரின் இடத்தைத் தாம் பற்றிக்கொள்ளவில்லை, அவர்க்குப் பின் வந்தோம் என்ற அடக்கம் அச்சொல்லில் இருந்தது. பருவம் தொடங்குமுன் அமெரிக்கத் தலைவர் நிக்சன் அவருக்கு மடல் எழுதினார். ஓர் அணியைத் திடலில் நிறுத்தியதே பெரிய வெற்றி என்பது அம்மடலின் கருத்து.

1971 செப்டம்பர் 18ஆம் நாள் முதல் ஆட்டம். கெண்டக்கி மாநிலத்தில் மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 29க்கு 6 என்று மார்ஷல் தோற்றது. வியப்பதற்கு ஏதுமில்லை.

செப்டம்பர் 25ஆம் நாள் ஹண்டிங்டன் பேர்பீல்டு திடலில் இரண்டாம் ஆட்டம். விபத்திற்குப் பின் சொந்த ஊரில் ஆடிய முதல் ஆட்டம் இதுவே. எதிரணி சின்சினாட்டி நகரத்துச் சேவியர். காற்பந்து பழகிய இளைஞர் 31 கெஜத் தொலைவிலிருந்து உதைத்த பந்தால் மார்ஷல் மூன்று புள்ளி பெற்றது. பின்னர் முன்னணி மாறி மாறி வந்தது. இறுதியில் 13க்கு 9 என்று சேவியர் முன்னின்றது. கடைசி நொடிகள், ஒரே ஒரு முயற்சி, எல்லைக்கு இன்னும் 13 கெஜம். குவாட்டர்பேக் ரெஜி ஆலிவர் ஒருபுறமாக ஓடி, எதிரணி தம்மைத் தொடரும்படி செய்து, மறுபுறம் நின்ற டெரி கார்ட்னரிடம் பந்தை எறிந்தார். முன்னே நின்ற தோழர் தடுத்துக்கொடுத்த வழியே கார்ட்னர் எல்லைக்குள் ஓடிச் சேர்ந்தார். காலம் முடிந்தது. 15க்கு 13. மக்கள் திடலுக்குள் வெள்ளமெனப் புகுந்தனர். ஆட்டம் முடிந்து நெடுநேரம் கழிந்தும் கலைய மனமின்றி அங்கேயே நின்றோர் பலர். ஆலிவர் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவர் என்பதை நினைவிற் கொள்க. முந்தைய ஆண்டின் விதி அவரைப் பயணத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். வரலாறு அங்கு நிற்கவில்லை. ஒகாயோவிலுள்ள மயாமி பல்கலைக் கழக அணி 66க்கு 6 என்று மார்ஷலை நசுக்கியது. டொலிடோ 43க்கு 0 என்று வென்றது. தொடர்ந்து 35 ஆட்டம் தோற்காது வந்த பேரணி அது. ஒரு புள்ளியும் பெறாமல் மார்ஷல் திரும்பிய ஆட்டங்கள் வேறும் உண்டு. இவற்றுக்கிடையே அக்டோபர் 30ஆம் நாள், பழைய மாணவர் ஒன்றுகூடும் விழா நாளில், பௌலிங் கிரீன் அணியை 12க்கு 10 என்று வென்றது மார்ஷல். அவ்வாண்டின் இரண்டாவதும் கடைசியுமான வெற்றி அது.

சேவியர் வெற்றியை எவரும் மறவார். ஆனால் அப்பருவத்தின் உண்மையான சோதனை 66க்கு 6 என்று தோற்றபின் வந்த திங்கட்கிழமையிலே இருந்தது என்று கருதுகின்றோம். வெற்றிக் களிப்பில் ஓர் அணி ஒன்றாக நிற்பது எளிது. தோற்றவாறே இருந்தும், அடுத்த நாள் பயிற்சிக்கு எல்லாரும் வந்து சேர்வதற்கு வேறொரு வலிமை தேவை. பதினெட்டு வயது இளைஞரைத் தம்மினும் வலியோர் முன் வாரந்தோறும் நிறுத்தி, அவர்கள் உள்ளம் முறியாமல் பத்து ஆட்டத்தையும் முடித்து வைத்ததே லெங்யெல் ஆற்றிய அரும்பணி. அப்பணியைப் புள்ளிப் பட்டியல் பதிவு செய்வதில்லை.

திரைப்படமும் வரலாறும்

2006இல் இக்கதை திரைப்படமாக வந்தது. லெங்யெலாக மாத்யூ மெக்கானகி நடித்தார். உலகெங்கும் பலர் மார்ஷலின் பெயரை அறிந்தது அப்படத்தினாலேயே; அதற்கு நன்றி கூறலாம். ஆயினும் படத்தை வரலாறாகக் கொள்ளுதல் தவறு. காற்பந்தைக் கைவிட ஆட்சிக் குழு கூடியிருக்க, மாணவர் திரள் வெளியே நின்று 'நாங்கள் மார்ஷல்' என்று முழங்கி முடிவை மாற்றுவதாகப் படம் காட்டுகிறது. அம்முழக்கமே பின்னாளில் தோன்றியது. உண்மையில் முடிவு ஒரே மாலையின் ஆரவாரத்தில் எடுக்கப்பட்டதன்று. துயரத்திலிருந்தோர் பேசியும் தயங்கியும் மெல்ல எய்திய முடிவு அது. மேலும், சேவியர் வெற்றியே படத்தின் உச்சம். அதன்பின் வந்த ஆட்டங்கள் படத்தில் இடம்பெறவில்லை. கலைஞன் தன் கதையைத் தக்க இடத்தில் முடித்துக்கொள்ளும் உரிமை உடையவன். வரலாறு எழுதுபவனோ எஞ்சிய எட்டு வாரங்களையும் எழுதியாக வேண்டும்.

லெங்யெல் மார்ஷலில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி 1974இல் விலகினார். அவர் காலத்துக் கணக்கு ஒன்பது வெற்றி, முப்பத்து மூன்று தோல்வி. இக்கணக்கை மட்டும் காண்பவர் அவரைத் தோற்ற பயிற்சியாளர் என்றே எழுதுவர். மார்ஷலுக்கு வெற்றி மிகுந்த பருவம் மீண்டும் வாய்க்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின் வளர்ச்சி விரைந்தது. 1992இலும் 1996இலும் தன் பிரிவில் நாட்டு வாகையர் பட்டம் பெற்றது. 1999இல் ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறு பலர்.

இதனோடு மற்றொரு செய்தியையும் ஒப்பிட்டுக் காணலாம். அன்று மார்ஷலிடம் கடைசி நொடியில் தோற்ற சேவியர், 1973ஆம் ஆண்டுப் பருவத்துடன் காற்பந்தையே விட்டுவிட்டது. அதற்கு விபத்து எதுவும் நேரவில்லை. எல்லாவற்றையும் இழந்த அணி நிலைத்தது. அதற்கு எதிரே நின்ற அணி மறைந்தது. ஒரு நிறுவனம் நிலைப்பதும் அழிவதும் அதற்கு நேர்ந்த இடரின் அளவைப் பொறுத்தவை அல்ல என்பதற்கு இது போதிய சான்று.

நீரூற்று

1972 நவம்பர் 12ஆம் நாள் பல்கலைக் கழக வளாகத்தில் மறைந்தோர் நினைவாக நீரூற்று ஒன்று திறக்கப்பட்டது. சிற்பி ஹாரி பெர்தோயா உலோகத்தில் வடித்தது அது. ஆண்டுதோறும் நவம்பர் 14ஆம் நாள் மக்கள் அதனைச் சூழ்ந்து நிற்பர். எழுபத்தைந்து பெயர்களும் படிக்கப்படும். பின் நீர் நிறுத்தப்படும். குளிர்காலம் முழுதும் அவ்வூற்று வறண்டே கிடக்கும். இளவேனில் வந்ததும் மீண்டும் பாயும்.

அணி அழியக்கூடாது என்று வேண்டியவருள் ஒருவராகிய நேட் ரஃபின் 1971இல் அவ்வணியின் தலைவர்களில் ஒருவராக ஆடினார். மூன்று பதிற்றாண்டு கழித்து, 2001இல் நோயுற்று மறைந்தார். அவரை ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில், அடையாளம் காணப்படாத அறுவரின் அருகே அடக்கம் செய்தனர். முப்பதாண்டுக்கு முன் ஒரு விமானத்தில் அவர்களுடன் செல்லத் தவறியவர், அவர்களுக்காக ஓர் அணியைக் காத்துக்கொடுத்துவிட்டு, அவர்களிடமே திரும்பிச் சேர்ந்தார்.

இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி என்ற கணக்கில் மாற்றம் ஏதும் இல்லை. அது என்றும் அவ்வாறே நிற்கும். அதனைப் படிக்கும் முறையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டிறுதியில் மதிப்பெண் பட்டியலைக் கையிலெடுக்கும் ஆசிரியர் எவரேனும், கீழ்வரிசையிலுள்ள ஒரு பெயரின்முன் சற்றே நின்று, இவன் எங்கிருந்து தொடங்கினான் என்று எண்ணிப் பார்ப்பாராயின், ஹண்டிங்டன் இளைஞரின் வரலாற்றை அவர் அறிந்துகொண்டார் என்று கூறலாம்.